சாமியை அடிக்கக் கூடாது சாமி

கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து எங்களுக்குப் பெண் பிறந்தாள். குழந்தை பிறந்தால் சபரிமலைக்கு வருகிறேன் என்று ஐயப்பனிடம் வேண்டியிருந்தேன். தொண்ணூற்றொன்றாம் வருஷம் கார்த்திகை முதல் தேதி மாலை போட்டுக்கொண்டேன். அப்போது எல்லை தாண்டி, கன்னடம் பேசுகிற ஹெப்பகோடியில் வாடகை வீடு, பக்கத்துப் பொம்மசந்திராவில் லேத் வேலை. நான் படித்தது எட்டாவது வரைக்கும்தான். ஆனால் விரதத்தில் குறை வைக்க மாட்டேன். விடியற்காலை பச்சைத் தண்ணீர்க் குளியல், கறுப்பு வேட்டி, வெறுங்கால். பொய் கூடாது, கோபம் கூடாது. எதிரில் வருகிற ஆம்பளை யாரானாலும் 'சாமி'தான், பெண்கள் எல்லாரும் 'மாளிகைப்புறம்'. மீதிச் சில்லறை தராத கண்டக்டரும் சாமி.

வீட்டுக்காரியும் என்னைச் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். கூப்பிட்டாள்.

"சாமி, உங்களுக்கு மூளை இருக்கா சாமி? ரேஷன்ல சக்கரை போட்டது நேத்து, இன்னிக்குப் பையத் தூக்கிட்டுப் போறீங்களே சாமி?"

இதற்குக் கோபம் வரக் கூடாது. மலை ஏறுவது இதைவிடச் சுலபம்.

டிசம்பரில் காவிரித் தண்ணீர் தகராறு மூண்டது. தமிழ் போர்டு, தமிழ்நாட்டு வண்டி, தமிழர் கடை என்று தேடித் தேடி உடைத்தார்கள். கம்பெனியைப் பூட்டிவிட்டார்கள். எங்கள் சொந்த ஊர் அரூர் பக்கம். அங்கே கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கும். காவிரி ஒரு சொம்பு கூட வந்ததில்லை. ஆனால் அடிக்க வருகிறவன் நின்று அதையெல்லாம் விசாரிப்பானா?

வீட்டு ஓனரம்மா கன்னடக்காரர். மகளின் பிரசவத்துக்குச் சந்தாபுராவுக்குக் கிளம்பும்போது எனக்குத் தப்பிக்க வழி சொன்னார். "யாராவது ஊரு கேட்டா கோலார்னு சொல்லிடு சாமி. அதுவும் இந்த ஸ்டேட்டுதான், ஆனா அங்க தமிழ் பேசறவங்க நெறைய. நம்பிடுவாங்க."

"மாலையில பொய் சொல்லக் கூடாது மாளிகைப்புறம்."

"அய்யோ தேவரே, கடவுளே! அப்ப வாயே தெறக்காதே. மௌன விரதம்னு சைகை காட்டு. பேசாம இருந்தா பொய் இல்லையே?"

"சாமிக்கு மௌனம் நல்லது," என்றாள் வீட்டுக்காரி. "எனக்கும் நல்லது."

மறுநாள் சாயங்காலம் குழந்தைக்குப் பால் தீர்ந்துபோனது. "கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கோங்க," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். தெரு முனையில் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். ரோடெல்லாம் உடைந்த சோடா பாட்டில். நடுவில் உருட்டுக்கட்டையோடு ஒருத்தர். அவர் கட்டியிருந்தது கறுப்பு வேட்டி. முகத்தில் தாடி. கழுத்தில் மாலை.

சைகை காட்ட நான் கையைத் தூக்குவதற்குள் அவர், "சாமி சரணம்," என்றுவிட்டார். பழக்கதோஷம். மாலை போட்ட ஒருத்தர் சரணம் சொல்லும்போது பதில் சொல்லாமல் நிற்பது எப்படி? "சாமியே சரணம் ஐயப்பா!" என்றேன், லேத் சத்தத்தில் வளர்ந்த தொண்டையால். என் மௌனம் அவ்வளவுதான்.

"யாவ ஊரு சாமி?"

பெண்ணின் முகம் கண்ணுக்குள் வந்தது. வேண்டிப் பெற்றவளுக்காகப் போட்ட மாலை. "அரூர் பக்கம் சாமி. தமிழ்நாடு."

பின்னாலிருந்து ஒருத்தன், "ஹொடி அவன்ன!" என்று அடிக்கச் சொல்லிக் கத்தினான். அவர் கை கட்டையைத் தூக்கியது. பாதியில் நின்றது.

"மாலை போட்ட சாமியை எப்படி சாமி அடிக்கிறது?" என்று அவர் கன்னடத்தில் தன் ஆளைக் கேட்டார்.

அவன் யோசித்தான். "மாலை கழட்டினதும் அடிக்கலாமா?"

"மகரஜோதிக்கு அப்புறம் பாக்கலாம் சாமி," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, எனக்கு வழிவிட ஒரு அடி நகர்ந்தார். "அப்பா!" என்று உட்கார்ந்துவிட்டார். அவரும் விரதக்காரர், வெறுங்கால். அவர் ஆட்கள் உடைத்த பாட்டில் சில்லு அவர் குதிகாலிலேயே ஏறியிருந்தது.

லேத் வேலைக்காரனுக்குக் காலில் ஏறிய இரும்புத் துணுக்கை எடுத்துப் பழக்கம். ஆனால் ஊக்கு வேண்டும், வெளிச்சம் வேண்டும். எங்கள் வீடு நாலு வாசல் தள்ளித்தான். என் தோளில் ஒரு கை, கட்டையில் ஒரு கை ஊன்றி நொண்டிக்கொண்டு வந்தார்.

கதவைத் திறந்தவள் முதலில், "பால் எங்க சாமி?" என்றாள். அப்புறம்தான் கட்டையைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள். தாலிக்கொடியிலிருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். கண்ணாடி வெளியே வந்ததும் அவளுக்கு வாய் வந்துவிட்டது.

"ஏன் சாமி, பாட்டில ஒடைக்கிறப்ப, வெறுங்கால்ல நடக்கிறோமேன்னு தோணல சாமி?"

"தப்புதான் மாளிகைப்புறம்," என்றார், சுத்தமான தமிழில்.

"தமிழ் தெரியுமா சாமி?" என்றேன்.

"பம்பையில சமைச்சுப் போடறது பூரா உங்க தமிழ்ச் சாமிங்கதானே. சாப்பிட்டுச் சாப்பிட்டுக் கத்துக்கிட்டேன்."

அவர் போய்க் கொஞ்ச நேரத்தில், "ஹொடி" என்றவன் இரண்டு பால் பாக்கெட்டைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான். அதற்கப்புறம் எங்கள் தெருவுக்கு யாரும் வரவில்லை. அடுத்த தெருவுக்குப் போனார்கள். அங்கே சைக்கிள் கடை வைத்திருந்த தமிழர் கழுத்தில் மாலை இல்லை. கடை எரிந்தது. அவர் குடும்பத்தோடு ஊருக்குப் போய்விட்டார். ஐயப்பன் என் வீட்டைக் காப்பாற்றினார் என்று எல்லாரிடமும் சொல்வேன். அந்தக் கடையை நினைத்தால் மட்டும் பாதியில் நிறுத்திக்கொள்வேன்.

மகரஜோதி பார்த்துவிட்டு வந்து மாலையைக் கழற்றினேன். மூன்றாம் நாள் கதவு தட்டும் சத்தம். தாடி எடுத்த முகம், பேன்ட் சட்டை. இன்னும் லேசாக நொண்டிய காலைப் பார்த்துத்தான் ஆளைக் கண்டுபிடித்தேன். 'அப்புறம் பாக்கலாம்' ஞாபகம் வந்து எனக்கு வேர்த்தது. அவர் கையில் சபரிமலைப் பிரசாதம், அரவணைப் பாயசம் இரண்டு டின்.

"ஒண்ணு உங்களுக்கு சாமி. ஒண்ணு சைக்கிள் கடைக்காரருக்கு. அவர் வீடு பூட்டியிருக்கு. வந்தா குடுத்துடறீங்களா?"

யார் கொடுத்ததாகச் சொல்வது என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

டின் எங்கள் சாமி அலமாரியிலேயே இருந்தது. யுகாதி கழிந்து சைக்கிள் கடைக்காரர் திரும்பி வந்து கரி பிடித்த ஷட்டரைத் தூக்கின அன்றைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டார். "யாரு சாமி குடுத்தது?"

கழுத்தைத் தடவிப் பார்த்தேன். மாலை இல்லை.

"நான்தான். உங்களுக்குன்னு மலையிலேர்ந்து கொண்டு வந்தேன்," என்றேன்.