அறுபத்தாறா, முப்பத்துமூன்றா?

பதிவேட்டில் எழுதியிருக்கும் பொருளும் கையில் இருக்கும் பொருளும் ஒத்திருக்கின்றனவா என்று ஆண்டுக்கொருமுறை பார்க்க வேண்டும். தொழில்நுட்பப் பொருளாக இருந்தால் அதை அறிந்தவரைக் கொண்டே பார்க்க வேண்டும். விதியின் முதல் பாதியை எங்கள் நந்தனம் அலுவலகம் எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தது.

என் இளமை என்றால் முதலில் மூக்குக்கு வருவது, குளிரூட்டிய ஒரு சிறு அறையில் சந்தனமும் சூடான பிளாஸ்டிக்கும் கலந்து வீசிய வாசனைதான். தலைமை அலுவலகம் பயன்படுத்தி அலுத்துப்போய் அனுப்பிய பழைய கணினி ஒன்று அங்கே நெற்றியில் குங்குமப் பொட்டுடன் வீற்றிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். புதிதாகச் சேர்ந்த உதவியாளனான நான் அதற்குப் "பொறுப்பு". அதன் முகப்பில் வேகத்தைக் காட்டும் சிவப்பு எண் ஒன்று எரியும். பக்கத்தில் ஒரு பொத்தான், அழுத்தினால் எண் மாறும், எதற்கென்று யாருக்கும் தெரியாது.

அந்த வைகாசியில் சரிபார்க்க வந்த கண்காணிப்பாளர், பணிக்காலம் முழுவதும் பீரோவும் நாற்காலியும் எண்ணியவர். பதிவேட்டில் வேகம் அறுபத்தாறு, முகப்பில் முப்பத்துமூன்று.

"மீதி முப்பத்துமூணு எங்கப்பா?" என்றார்.

துடைக்கிற அம்மாளின் கை பொத்தானில் பட்டிருக்கும் என்று சொல்லி அதை அழுத்தினேன். அறுபத்தாறு வந்தது.

"என் கண்ணெதிரேயே திருத்தறியா? கையை எடு!"

பொருள் பதிவேட்டோடு ஒத்துவரவில்லை என்று தணிக்கைத் தடை எழுதப்பட்டது. அது நீங்கும்வரை எனக்குத் தகுதிகாண் பருவம் முடித்த ஆணை கிடையாது. ஆணை இல்லையென்றால் மயிலாப்பூரில் எனக்குப் பெண் கொடுக்க இருந்தவர் முகூர்த்தம் வைக்க மாட்டார். "ஆர்டரைக் காட்டட்டும், ஆனியிலேயே முடிச்சுடலாம். டெம்பரரி மாப்பிள்ளை எல்லாம் எங்காத்துல வழக்கமில்லை" என்று சொல்லியனுப்பியிருந்தார்.

சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து பழுது பார்ப்பவர் ஒருவரை அழைத்து வந்தேன். அவர் முகப்புத் தட்டை மட்டும் கழற்றிப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா சார், இது மெஷினை அளந்து சொல்ற நம்பர்னு நெனச்சிக்கினு கீறீங்களா? உள்ள குட்டிப் பின்னு கீது. எத்தினி வோணும்னு சொல்லுங்க, வச்சித் தர்றேன்."

நிரூபிப்பதற்காக எண்பத்தெட்டு வைத்துக் காட்டினார். கண்காணிப்பாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்து, "இருபத்திரண்டு அதிகம்" என்று இரண்டாவது தடையை எழுதினார்.

"சிப்பு மேலயே மாடலு, ஸ்பீடு ரெண்டும் அடிச்சிருக்கும் சார். மூடியைத் தொறந்து, ஃபேனைக் கழட்டிட்டுப் படிச்சா முடிஞ்சிச்சு" என்றார் பழுது பார்ப்பவர்.

மூடியில் தலைமை அலுவலகத்தின் முத்திரைத் தாள் ஒட்டியிருந்தது. யார் கிழிப்பது, யார் முன்னிலையில், கிழித்த தாளை எந்தக் கோப்பில் வைப்பது என்பது வரை விவரித்து அனுமதி கேட்டேன். நினைவூட்டல்கள் மூன்று போயின. மயிலாப்பூரிலிருந்து கேள்வி மட்டும் தவறாமல் வந்தது: "ஸ்லோவா இருக்கறது அந்த மெஷினா, உங்க ஆபீஸா?"

இன்று எங்கள் அடையாறு வீட்டில் மடிக்கணினியை இரண்டு முறை சொடுக்கினால் உள்ளிருக்கும் சில்லின் பெயரும் வேகமும் ஒரே வரியில் வந்துவிடுகின்றன. "இதுக்கா எங்கப்பாவை அப்படிக் காக்க வெச்சேள்?" என்கிறாள் மனைவி. சிவப்பு எண் போயிற்று, பொத்தான் போயிற்று, செருப்போடு கணினியை மடியிலேயே வைத்துக்கொள்கிறோம். பழுது பார்ப்பவரின் கடை இருந்த இடத்தில் கைபேசி உறை விற்கிறார்கள்.

அன்று நான் கேட்ட அனுமதி ஒருவழியாக வந்தது. காலையில் ஐந்து பேர் முன்னிலையில் முத்திரையைக் கிழித்து, விசிறியைக் கழற்றி, சில்லின் மேலிருந்த வெள்ளைப் பசையைத் துடைத்துப் படித்தோம். மாதிரி எண்ணின் வாலிலேயே அறுபத்தாறு இருந்தது. மாலைக்குள் ஆணை கையெழுத்தாயிற்று. மை காய்வதற்குள் மயிலாப்பூருக்கு ஓடினேன். பெண்ணின் அப்பா அதை ஒருவரி விடாமல் படித்தார், திருப்தியாகத் தலையாட்டினார், பிறகு சுவரில் தொங்கிய நாட்காட்டியைக் காட்டினார்.

ஆடி முதல் தேதி.