லால்முனி மகளுக்காகச் சேர்த்துவைத்த பேச்சு

சிர்சாபிகாவில் லால்முனியிடம் வாயைக் கொடுத்துவிட்டு முழுசாகத் திரும்பியவர் யாருமில்லை. மருமகளாக வந்த புதிதில், வறட்டி தட்டுகிற இடத்தில் வழியை மறித்துக்கொண்டு வம்பளந்த மைத்துனனை அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அவன் அறுவடை முடியும்வரை அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. ரஜௌலியிலிருந்து வாழ வந்தவள் என்பதால் ஊரில் அவளுக்குப் பெயர் ரஜௌலிக்காரி. கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரைத் திட்டிப் பாட வேண்டுமா, மூங்கில் பந்தல் போடுவதற்கு முன்பே அவளுக்குத்தான் சொல்லி அனுப்புவார்கள். பெண்ணைப் புருஷன் வீட்டுக்கு அனுப்பிவைக்கும்போது லால்முனி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு சொல் சொல்லி அழ ஆரம்பித்தால், பக்கத்தில் நிற்கிற ஆண்பிள்ளைகள் துண்டால் முகத்தை மறைத்துக்கொண்டு மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய்விடுவார்கள்.

இப்படிப்பட்டவளைத்தான் அவள் பெற்ற மகள் சுரபி, "எங்க மம்மி அதிகம் பேசமாட்டாங்க, பாவம்" என்று பட்னாவில் தன் தோழிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். எங்கே போய் முட்டிக்கொள்வது?

நடந்தது இதுதான். லால்முனியின் புருஷன் ராம்பிரவேஷ் பாபுவுக்குப் பட்னாவில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. சந்துக்குள் ஒரு வாடகை வீடு. சுரபிக்கு அப்போது மூன்று வயது முடிந்திருந்தது. கொழுகொழுவென்று, எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிற குழந்தை. அம்மாவின் வாய் அப்படியே வந்திருந்தது. நல்ல பள்ளிக்கூடம் என்று பேர் வாங்கிய ஒன்றில் சேர்க்க அழைத்துப்போனார்கள். அங்கிருந்த பெரிய டீச்சரம்மா படத்தைக் காட்டி இது என்ன, அது என்ன என்று கேட்க, குழந்தை எல்லாவற்றுக்கும் எங்கள் ஊர்ப் பேச்சான மகஹியில் டாண் டாண் என்று பதில் சொன்னது. லால்முனிக்குப் பெருமை தாங்கவில்லை. அவளும் கூடச் சேர்ந்துகொண்டு மகஹியிலேயே, "இன்னும் கேளுங்கம்மா, காக்கா கதைகூட சொல்லுவா" என்றாள்.

அந்த டீச்சரம்மா லால்முனியைத் திரும்பியும் பார்க்கவில்லை. ராம்பிரவேஷ் பாபுவிடம் இந்தியில் சொன்னாள். "வீட்ல இதுதான் பேசுறீங்களா? இது மொழியே இல்லை சார், கெட்டுப்போன இந்தி. இதைக் கேட்டு வளர்ந்தா குழந்தையோட நாக்கு அப்புறம் திருந்தாது. முதல்ல அம்மாவைத் திருத்துங்க, அடுத்த வருஷம் பார்க்கலாம்."

கெட்டுப்போன இந்தியாம். இந்தி என்று ஒன்று பாடப்புத்தகத்தில் ஏறுவதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்து எங்கள் பெண்கள் இதில்தான் தாலாட்டினார்கள், சண்டை போட்டார்கள், செத்தவர்களுக்காக அழுதார்கள். எங்கள் மகஹி வெற்றிலை காசிக்குப் போனால் ராஜமரியாதை. அதை, வேறொரு வெற்றிலை கெட்டுப்போய் வந்தது என்று யாராவது சொல்லிப் பார்க்கட்டும். பேச்சுக்கு மட்டும் சொந்த ஊரிலேயே இந்தக் கதி. அடுத்தவரைக் குற்றம் சொல்லி என்ன பிரயோஜனம்? தாய்மொழி என்னவென்று கேட்டுக்கொண்டு சர்க்கார் ஆள் வாசலுக்கு வந்தால், கூசாமல் இந்தி என்று சொல்லி அனுப்புகிறவர்கள் நாங்கள்தானே.

ரிக்‌ஷாவில் திரும்பும்போது ராம்பிரவேஷ் பாபு, "உன் வாயால குழந்தைக்கு ஒரு வருஷம் போச்சு" என்று மட்டும் சொன்னார். கெட்ட மனுஷர் இல்லை அவர். அலுவலகத்தில் அவர் பேச்சை மற்றவர்கள் சொல்லிக் காட்டிச் சிரித்ததை வெளியே சொல்லாமல் விழுங்கிக்கொண்டிருந்தவர். ஆனால் அந்த ஒரு வார்த்தை லால்முனியின் நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது.

அந்த வருஷம் சட் பூஜைக்கு அவள் தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதமிருந்து, இடுப்பளவு கங்கையில் நின்று, மறைகிற சூரியனுக்கு முறத்தை ஏந்தியபடி வேண்டிக்கொண்டாள். மற்றப் பெண்கள் பிள்ளை கேட்டார்கள், வேலை கேட்டார்கள். இவள், 'தாயே, என் மகள் படித்துப் பெரியவளாகட்டும். அவளுக்குக் கல்யாணமாகி வகிட்டில் குங்குமம் ஏறும்வரை என் வாயிலிருந்து மகஹி ஒரு சொல்லும் அவள் காதில் விழாது' என்று வாக்குக் கொடுத்தாள். சட் பூஜைத் தெய்வமான சட்டி மாதாவுக்குக் கொடுத்த வாக்கை மீறினால் பிள்ளைக்கு ஆகாது. எங்கள் பக்கத்தில் அதை மீற யாருக்குத் துணிச்சல் வரும்?

அடுத்த வருஷம் சுரபிக்கு இடம் கிடைத்தது. லால்முனிக்கு வாய் போயிற்று.

அவளுக்குத் தெரிந்த இந்தி ஒரு கைப்பிடி. சாப்பிடு, படி, தூங்கு, குடை எடுத்துக்கொள், அப்பா வருகிறார். அந்தக் கைப்பிடியை வைத்துக்கொண்டுதான் ஒரு பெண் குழந்தையை வளர்த்தாள். கதை கிடையாது. கிண்டல் கிடையாது. திட்டக்கூடச் சரியாக வராது. கோபம் வந்தால் முகம் சிவந்து, வாய் திறந்து, மூடிக்கொள்வாள். ஊருக்கு வந்தாலும் சுரபி பக்கத்தில் இருந்தால் ஊமைதான். ராம்பிரவேஷ் பாபு இந்தியில் செய்தித்தாள் மாதிரி பேசுவார். மகள் அவரோடு ஒட்டிக்கொண்டாள்.

சுரபிக்குப் பதினைந்து வயதிருக்கும். உயிருக்குயிராய்ப் பழகிய தோழி ஒருத்தி ஏதோ மனத்தாங்கலில் பேச்சை நிறுத்திவிட்டாள். சுரபி பள்ளிக்கூடம் விட்டு வந்து கட்டிலில் குப்புறப் படுத்துத் தேம்பினாள். லால்முனி பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினாள். அவளுக்கும் ரஜௌலியில் அப்படியொரு சிநேகிதி இருந்து, முறிந்து, இரண்டு வருஷம் கழித்து ஒரு திருவிழாக் கூட்டத்தில் கட்டிக்கொண்டு அழுத கதை இருந்தது. எல்லாம் தொண்டைவரை வந்தது.

"அழாதே. பால் குடி" என்றாள் இந்தியில்.

"விடுங்க மம்மி. உங்களுக்கு இதெல்லாம் புரியாது" என்றாள் மகள், தலையைத் தூக்காமல்.

லால்முனி மொட்டைமாடிக்குப் போய், ஊரிலிருக்கிற ஓரகத்தி சோன்மதிக்குப் போன் போட்டாள். அவளிடம்தான் மூச்சுவிடாமல் மகஹியில் பேசுவாள்.

"எனக்குப் புரியாதாம் அக்கா. எனக்கு."

"அடியே ரஜௌலிக்காரி, நேரா அவகிட்டயே சொல்லித் தொலையேன்டி. ஊருக்கெல்லாம் வாய் வச்சிருக்க, பெத்த பொண்ணுக்குப் பஞ்சமா?"

"தண்ணியில நின்னு குடுத்த வாக்கு அக்கா. அவ வகிட்டுல குங்குமம் ஏறட்டும். அவளை அனுப்பிவைக்கிற அன்னிக்குப் பாரு. கழுத்தைக் கட்டிக்கிட்டு, இத்தனை வருஷத்துப் பேச்சையும் ஒண்ணு விடாம சொல்லி அழுதுடுவேன். அப்பத் தெரியும் அவளுக்கு, அவ அம்மா யாருன்னு."

அந்த நாளைத்தான் அவள் சேர்த்துவைத்துக்கொண்டு வாழ்ந்தாள். பாத்திரம் துலக்கும்போது உதடு அசையும். என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பாள். சுரபி கல்லூரிக்குப் போனாள், லக்னோவில் வங்கி வேலைக்குச் சேர்ந்தாள், அங்கே தன்னோடு வேலை செய்த பையனைத் தானே பார்த்து, அப்பாவிடம் சொல்லி, சம்மதம் வாங்கினாள். அம்மாவிடம் அப்பாவே சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள். லால்முனி அதற்கும் வருத்தப்படவில்லை. கல்யாணம் சிர்சாபிகாவில்தான் நடக்க வேண்டும் என்று மட்டும் பிடிவாதம் பிடித்தாள். இருபத்தைந்து வருஷத்தில் அவள் புருஷனிடம் பிடித்த ஒரே பிடிவாதம் அது, அவர் மறுக்கவில்லை.

ஆனால் சம்பந்தி வீட்டார் வருவதற்கு முன் ராம்பிரவேஷ் பாபு பெண்களைக் கூப்பிட்டு, "லக்னோக்காரங்க, நாகரிகமானவங்க. திட்டுப் பாட்டெல்லாம் வேணாம், மானம் போயிடும்" என்று சொல்லிவிட்டார். வகிட்டில் குங்குமம் ஏறியது. மறுநாள் காலை சம்பந்திக்குச் சோற்று விருந்து. இலைத் தட்டுகள் போட்டாயிற்று, சோறு, பருப்பு, வடகம் போட்ட கத்தரிக்காய் எல்லாம் விழுந்தாயிற்று. சம்பந்தி கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். பெரிய மீசைக்காரர்.

"என்ன குறைங்க?" ராம்பிரவேஷ் பாபு முகத்தில் ஈயாடவில்லை.

"திட்டு இல்லாம எப்படிச் சோத்துல கை வைக்கிறது? என் கல்யாணத்துல எங்கப்பாவை ஏழு தலைமுறை இழுத்துத் திட்டினாங்க, அந்தச் சந்தோஷத்துல மனுஷன் ரெண்டு தடவை பருப்பு வாங்கினாரு. இங்க என்னடான்னா எழவு வீடு மாதிரி கம்முனு இருக்கீங்க."

கதவுக்குப் பின்னால் சோன்மதி லால்முனியின் இடுப்பில் ஒரு இடி இடித்தாள். லால்முனி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எடுத்தாளே ஒரு குரல்:

"கஞ்சி போட்ட சட்டைக்காரரு வந்தாரே,
மீசைக்கு எண்ணெய் தடவி வந்தாரே,
வீட்டுக்காரிய எங்க விட்டு வந்தாரு?
பால்காரன்கிட்ட பத்திரமா விட்டு வந்தாரு."

முற்றம் அதிர்ந்தது. பின்பாட்டுப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சம்பந்தி சோற்றைப் பிசைய ஆரம்பித்து, "இதானே வேணும். எங்க வீட்டுல பேசுன அவதி மொழியும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான், எங்கம்மா போனதோட அதுவும் போச்சு. எம் பையனைப் பாருங்க, என்ன திட்டுறாங்கன்னே தெரியாம பல்லைக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கான்" என்றார்.

உள்ளறையில் மஞ்சள் புடவையில் உட்கார்ந்திருந்த சுரபி உள்ளே வந்த சோன்மதியைக் கேட்டாள். "பெரியம்மா, யாரு பாடுறது?"

"யாரா? உங்கம்மாதான்டி."

சுரபி எழுந்து கதவிடுக்கில் பார்த்தாள். கையை நீட்டி, கழுத்தை வெட்டி, கண்ணால் சிரித்துக்கொண்டு, ஒரு முற்றம் ஜனத்தைத் தன் வாயில் வைத்து ஆட்டிக்கொண்டிருந்தாள் ஒருத்தி. அவளைச் சுரபி முன்பின் பார்த்ததில்லை.

விருந்து முடிந்து கார் வாசலுக்கு வந்தது. லால்முனி மகளை உட்காரவைத்து, அரிசி, மஞ்சள் கிழங்கு, அறுகம்புல் எல்லாவற்றையும் அவள் முந்தானையில் போட்டு முடிந்தாள். சுரபி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மம்மி, நீங்க இப்படியெல்லாம் பேசுவீங்கன்னு எனக்குத் தெரியவே தெரியாதே. என்கிட்ட ஏன் பேசல?"

லால்முனி முந்தானை முடிச்சை இறுக்கினாள். "உன் படிப்புக்காக" என்றாள் இந்தியில். பழக்கம், மகள் முகத்தைப் பார்த்ததும் அதுதான் வந்தது.

வாசலில் பெண்கள் கூடிவிட்டார்கள். பெண் ஒவ்வொருத்தியாகக் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும், அவர்கள் சொல் சொல்லிப் பதிலுக்கு அழ வேண்டும். சுரபிக்குக் கண்ணீர் வந்தது, சொல் வரவில்லை. பட்னாப் பெண் பாவம் என்று எல்லோரும் அவளுக்காகவும் சேர்த்துத் தாங்களே அழுதார்கள். சோன்மதி அழுதாள். கடைசியாக லால்முனி. ஊரே அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது.

அவள் மகளின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மகஹி பொங்கி வந்தது.

"என் கிளியே, வயித்துல இருந்தப்ப என் பேச்சைக் கேட்டியே, வெளிய வந்து கேக்காம போனியே... தூங்குற உன் காலைப் பிடிச்சிக்கிட்டு மனசுக்குள்ளயே கதை சொன்னேனே... நீ அழுதப்ப பாலைக் குடுத்தேனே, சொல்லைக் குடுக்கலையே... உனக்குப் புரியாதுன்னு சொன்னியே, எனக்குப் புரிஞ்சுதுடி கண்ணே, எல்லாம் புரிஞ்சுது... வாயைக் கட்டி உன்னை வளர்த்தேனே, என்னை உனக்குத் தெரியாமலே அனுப்புறேனே..."

ராகம் ஏறி ஏறி இறங்கியது. சொல்லும் அழுகையும் குழைந்து ஒன்றாகி, தொண்டைக்குள் புரண்டு வந்தது. துண்டால் முகத்தை மறைத்துக்கொண்டு முதலில் நகர்ந்தவர் ராம்பிரவேஷ் பாபு. மீசைக்காரச் சம்பந்தி கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினார். எத்தனையோ வீட்டில் லால்முனி அழுது கேட்டவர்கள் நாங்கள். இப்படி அவள் அழுததில்லை.

சுரபியும் அம்மாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு விம்மினாள். பிறகு மெல்ல விலகி, அம்மாவின் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

"மம்மி, என்ன சொன்னீங்க? எனக்கு ஒண்ணும் பிடிபடல. நிதானமா இந்தியில சொல்லுங்க. நான் கேக்கணும்."

லால்முனி அவளையே பார்த்தாள். வாயைத் திறந்தாள். அவளிடமிருந்த ஒரு கைப்பிடி இந்தியையும் துழாவிப் பார்த்தாள் போலிருக்கிறது. பெண்கள் எல்லோரும் அழுகையை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள்.

"உடம்பைப் பார்த்துக்கொள்" என்றாள். "நேரத்துக்குச் சாப்பிடு. போய்ச் சேர்ந்ததும் போன் செய்."

"சரி மம்மி" என்றாள் சுரபி.

கார் புளியமரம் தாண்டித் திரும்பும்வரை லால்முனி கையாட்டினாள். சோன்மதி அவள் தோளைத் தொட்டாள்.

"ஏன்டி, அவதான் வாய்விட்டுக் கேட்டாளே. சொன்னதை அப்படியே இந்தியில சொல்லியிருக்கக் கூடாதா?"

"அதுக்கெல்லாம் எனக்கு இந்தி தெரியாது அக்கா" என்றாள் லால்முனி.