ஆமென் வராத எண்ணூறு மீட்டர்

எங்க கோச் சாரோட ஸ்டாப்வாட்ச் எங்களுக்கு மட்டும்தான், அவர் ஜெபத்துக்குக் கிடையாது. நான் பிறக்கிறதுக்கு முன்னாடியே மைசூரில் எங்க காலேஜ் மைதானத்துக்கு வந்து சேர்ந்தவர். பயிற்சிக்குக் கொஞ்சம் பிந்தினாலும் போதும், கன்னடத்தில் கிழி கிழின்னு கிழிப்பார். போட்டிக்கு முன்னாடி மட்டும் எல்லாரையும் கை கோர்த்து வட்டமா நிற்க வைத்து, தமிழில் உருகுவார். தமிழ்நாட்டு எல்லையோரக் கொள்ளேகால்காரியான எனக்கு அது புரியும். மற்ற பெண்களுக்கு ஆமென் ஒண்ணுதான் புரியும். அதுக்கு முன்னாடி கண்ணைத் திறந்தால் மைதானத்தைச் சுற்றி ஓடணும், அது சாரோட சட்டம்.

நான் மாரியம்மனைக் கும்பிடுகிறவள். அதனால் எனக்கு ஒரு சங்கடமும் இல்லை, எரிச்சல் எல்லாம் ஜெபத்தில் அவர் கேட்கிற வரிசை மேலதான். முதலில் மழை வரக்கூடாது. அப்புறம் மைதானம் பெருக்குகிறவரோட முழங்கால். அப்புறம் நடுவர்களுக்கு நேரத்துக்குச் சாப்பாடு. அப்புறம் எதிரணிப் பெண்கள். அவங்களையும் கூப்பிட்டு வட்டத்தில் நிறுத்திடுவார், பாருங்க அநியாயத்தை! கடைசியாத்தான் நாங்க.

"ஏன் சார், நாம மட்டும் கடைசி?"

"வீட்டுக்காரங்க கடைசியாத்தான் சாப்பிடணும்மா."

என்னத்தைச் சொல்ல!

என் கடைசி வருஷம், பல்கலைக்கழகப் போட்டியில் எண்ணூறு மீட்டர் ஃபைனல். முதல் ரெண்டு பேருக்குத்தான் பல்கலைக்கழக அணியில் இடம். போன வருஷம் கடைசி வளைவில் தடுக்கி விழுந்திருந்தேன். இந்தத் தடவையும் விட்டால் ஓட்டத்தை மூட்டை கட்டிட வேண்டியதுதான். ஓட்டத்துக்கு முன்னாடி நாங்க வட்டம் கூடுறப்போ, போன வருஷம் ஜெயித்த ஹாசன் ஊர்ப் பெண் எங்களைத் தாண்டிப் போனாள். சார் விடுவாரா? "நீனூ பாம்மா", நீயும் வாம்மான்னு கூப்பிட்டார். அவளும் மரியாதைக்கு வந்து என் பக்கத்தில் கை கோர்த்துக் கண்ணை மூடிக்கிட்டாள்.

மழை முடிந்தது, முழங்கால் முடிந்தது, சாப்பாடு முடிந்தது, அவளும் முடிந்தாள். என் பேரைச் சொன்னார். அப்புறம் சத்தமே இல்லை.

மைக்கில் ஃபைனல் கால், அதான் கடைசி அழைப்பு, கொடுக்கிறாங்க. நான் சாரோட கையைக் கிள்ளுகிறேன். மனுஷன் அசையலை. ஹாசன்காரியோ ஆமென்னுக்காக மலை மாதிரி நிற்கிறாள். கடைசியில் ஆமென் வந்து நாங்க ஓடிப் போய்ப் பார்த்தால், ரெண்டு பேர் பேரையும் அடிச்சாச்சு.

"என்ன சார் பண்ணிட்டீங்க! என் தலையில மண்ணைப் போட்டுட்டீங்களே!" என்று எல்லார் முன்னாடியும் கத்தினேன். அவர் நேரே நடுவர் முன்னால் போய்க் கை கட்டி நின்றார். "ரூல்னா ரூல்தான், நீங்களே சொல்லுவீங்களே சார்" என்றார் நடுவர். அதுவும் நிஜம்தான், எத்தனையோ பேரை அந்த வார்த்தையால் துரத்தியவர் எங்க சார்.

அப்போ வந்து சேர்ந்தார் ஹாசன்காரியோட கோச், நெற்றி நிறையக் குங்குமத்தோட. "சாமி கும்பிட்டதுக்கா எங்க பொண்ணு பேரை அடிக்கிறீங்க? எந்த சாமியா இருந்தா என்ன?" என்று போட்டாரே ஒரு சத்தம்! கோட்டில் நின்ற பெண்களும், "அவங்க வரட்டும் சார்" என்றார்கள். நடுவர் தலையில் கை வைத்துக்கொண்டு எங்களை உள்ளே விட்டார்.

ஹாசன்காரி முதல். மூணாவதா வந்தவளை நெஞ்சளவில் முந்தி நான் ரெண்டாவது. புல்லில் விழுந்து கிடந்தேன். சார் தண்ணி பாட்டிலோடு வந்து உட்கார்ந்தார்.

"டைம் என்ன சார்?"

ஸ்டாப்வாட்சைப் பார்த்தார். அமுக்கவே இல்லை.

"நல்லா இருக்கு போங்க! நாலு வார்த்தையில முடிச்சிருக்கக் கூடாதா? என் பேர் வந்ததும் ஏன் சார் வாய் அடைச்சுப் போச்சு?"

சார் பாட்டில் மூடியைத் திருகிக்கிட்டே சொன்னார். "இத்தனை வருஷத்துல யாரும் ஜெயிக்கணும்னு நான் கேட்டதில்லம்மா. இன்னைக்கு உனக்காகக் கேட்டுடலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. அந்தப் பொண்ணு உன் கையைப் பிடிச்சுக்கிட்டு கண்ணை மூடி நிக்குது. எப்படிம்மா கேட்பேன்?"

"அப்புறம் என்னதான் கேட்டீங்க?"

"ஒண்ணும் கேட்கலை. அழுகை வந்துடுச்சு. அது நிக்கிறதுக்குள்ள ஃபைனல் கால் போயிடுச்சு."

திட்டறதுக்கு வாயைத் திறந்தேன். எனக்கும் அழுகைதான் வந்தது.