சகலை போட்ட பேக்

நான் நாலாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் ஸ்ரீராம்புரத்தில் என் சென்ட்ரிங் பலகை ஏறாத தெரு கிடையாது. என் சகலை விவேக் நகரில் வாத்தியார். சில மாதங்களுக்கு முன் ஒரு விசேஷத்தில் அவர் போனில் கிரிக்கெட் ஓடியது. என் பேரப்பிள்ளைகள் அவர் மடியை விட்டு இறங்கவே இல்லை. எனக்கு வயிறு எரிந்தது.

என்ன ரீசார்ஜ் பேக் என்று அவரிடமே கேட்டுக்கொண்டு மறுநாளே ரீசார்ஜ் கடைக்குப் போனேன்.

"அண்ணா, அது நெட்டுக்கு மட்டும்தான், பேச முடியாது. உங்க பழைய பேக் இன்னையோட முடியுது" என்றார் கடைக்காரர்.

"வாத்தியாருக்குப் புரிஞ்சது எனக்குப் புரியாதா? அதையே போடுப்பா."

அடுத்த நாள் தளம் போடும் வேலை. கான்கிரீட் லாரி வந்து நிற்கிறது. ஆட்களோ பழைய சைட்டில் என் போனுக்காகக் காத்திருக்கிறார்கள். எத்தனை முறை அழுத்தியும் கால் போகவில்லை. கலவை இறுகினால் நாற்பது வருடப் பேர் போய்விடும். நல்லவேளை, டிபன் கொண்டுவந்த என் மனைவியிடம் பட்டன் போன் இருந்தது.

"நீங்க உக்காந்து கிரிக்கெட் பாருங்க, நான் பேசறேன்" என்று பழைய சைட்டில் இருந்த மேஸ்திரியைக் கூப்பிட்டாள். ஆட்கள் ஓடிவந்தார்கள்.

சகலைக்குப் பேச வேறு சிம் இருந்ததாம். அதைச் சொல்லவில்லை பாருங்கள்.

இப்போதெல்லாம் பேச எத்தனை நாள், நெட் எவ்வளவு என்று கடைக்காரரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே ரீசார்ஜ் செய்கிறேன். பேரப்பிள்ளைகள் இன்னும் சகலை மடியில்தான். இருக்கட்டும். நான் கூப்பிட்டால் பத்து ஆட்கள் வந்து நிற்கிறார்கள். வாத்தியார் கூப்பிட்டால் வருவார்களா?