வரிசையில் பின்னால் நின்றவள்

ஆஸ்பத்திரி விசாரணை ஜன்னலில் உட்காரும் அவளுக்குத் துருவி என்று பெயர் வைத்தவர்கள் வார்டு ஆயாக்கள். எக்ஸ்ரே எங்கே எடுப்பார்கள் என்று கேட்டால் போதும், வழி சொல்வதற்குள் எலும்பு எப்படி முறிந்தது, அப்போது பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதுவரை துருவித் துருவிக் கேட்டுவிடுவாள். அடுத்தவர் கதை கிடைத்தால் அவளுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

கதை கேட்டுக் கேட்டுத்தான் வக்கீல் ஆசையும் வந்தது. அடிபட்டவர்கள், ஏமாற்றப்பட்டவர்கள் எல்லோரும் அந்த ஜன்னலில் வந்து புலம்பினார்கள். அவளால் மாடிப்படியைத்தான் காட்ட முடிந்தது. இல்லாதவர்களுக்காக வாதாட வேண்டும் என்று, பிள்ளை பெற்று வளர்த்த வயதில் நுழைவுத் தேர்வு எழுதினாள். ஒன்றுக்கு இரண்டாக மாலைச் சட்டக் கல்லூரிகளில் இடம் கிடைத்துத் தொலைத்தது.

"பெரிய காலேஜுக்குத்தான் பேரு. இதுல என்ன யோசனை?" என்றான் லிஃப்ட் மெக்கானிக்கான கணவன். "திங்கக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும், ஞாபகம் வச்சுக்கோ."

ஓர் அலுவலகத்தின் லட்சணம் ஜன்னலுக்கு வெளியே நிற்பவர்களுக்குத்தான் தெரியும் என்பது துருவியின் அனுபவம். இரண்டு கல்லூரிகளிலும் இலவச சட்ட உதவி மையம் இருந்தது. வழக்கோடு போய்ப் பார்த்தால் என்ன? வாடகை வீட்டின் சொந்தக்காரர் தண்ணீரை நிறுத்திவிட்டார் என்று ஒரு கதை கட்டினாள். இருப்பதோ சொந்த வீடு!

பெரிய கல்லூரியின் மையம் குளுகுளுவென்று இருந்தது. டை கட்டிய மாணவன் சட்டென்று வழி சொல்லி, அதை அச்சடித்தும் கொடுத்தான். குறை சொல்ல ஒன்றுமில்லாதது அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

சின்னக் கல்லூரியில் மையம் என்பது பழைய சைக்கிள் கொட்டகை. வரிசை வாசலைத் தாண்டி நின்றது. காத்திருந்த நேரத்தில் பின்னால் நின்ற பெண்ணின் வாயைக் கிளறினாள். சந்தைக்குப் பின்னால் சலவைக்கடையில் வேலையாம். நீராவி பட்டுக் கை வெந்துபோயிருந்தது.

"என் கவனக்குறைவுதான்னு எழுதி நாளைக்கு முதலாளிகிட்ட கையெழுத்துப் போட்டுக் குடுக்கணுமாம். போடலாமா கூடாதான்னு கேக்க வந்தேன். இன்னிக்கு மட்டும்தான் லீவு" என்றாள் அவள்.

துருவியின் முறை வந்தது. ஒல்லியான ஒரு மாணவி கன்னத்தில் கைவைத்து எல்லாக் கதையையும் கேட்டுவிட்டுக் கடைசியில், "எழுத்துல ஒப்பந்தம் இல்லன்னா ஒண்ணும் பண்ண முடியாதுக்கா" என்றாள். தப்பான பதில்! சரியான பதில்தான் துருவியின் பையில் அச்சாக இருந்ததே. பெரிய கல்லூரிதான் என்று முடிவுகட்டி வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் சாயங்காலம் விசாரணை ஜன்னலில் அதே மாணவி வந்து நின்றாள். இடுப்பில் பெரிய தண்ணீர் கேன், மூச்சு வாங்கியது.

"அக்கா, நேத்து நான் சொன்னது தப்பு. மனு எழுதிட்டே வந்துட்டேன், நீங்க கையெழுத்துப் போட்டா போதும். நீங்க குடுத்த அட்ரஸ்ல மரக்கடை இருக்கு. ஆஸ்பத்திரில வேலைன்னு பேச்சுவாக்குல சொன்னீங்களேன்னு இங்க வந்தேன்."

"இதுக்காகவா இவ்வளவு தூரம்?"

"தப்பா சொன்னா நாங்களே தேடிப்போய்த் திருத்தணும். எங்க மேடம் போட்ட சட்டம்."

"தண்ணி?"

"அது நானா கொண்டுவந்தது. ரெண்டு நாளா இல்லைன்னீங்களே."

துருவிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டாள். மாணவி கேனை மெல்லக் கீழே வைத்தாள்.

"உங்களுக்குப் பின்னாடி ஒருத்தங்க நின்னாங்க. நேரமாச்சு, நாளைக்கு வாங்கன்னு அனுப்பிட்டோம். இன்னிக்கு அவங்க வரல. பேருகூடத் தெரியாது."

சுருக்கென்றது. அந்தப் பெண்ணால் ஏன் வர முடியாது என்பது துருவிக்குத் தெரியும்.

"எனக்குக் கடை தெரியும். வா" என்று எழுந்தாள்.

சலவைக்கடையில் அந்தப் பெண் ஒற்றைக் கையால் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "காலையிலேயே கையெழுத்துப் போட்டுட்டேம்மா" என்றாள், ஏதோ தன் மேல்தான் தப்பு என்பதுபோல.

"நேத்து உங்க நேரத்தைப் பொய் சொல்லி எடுத்துக்கிட்டது நான்தான்" என்றாள் துருவி. அழுகை முட்டியது. மாணவி, போட்ட கையெழுத்தையும் எதிர்த்து வாதாட இடமுண்டு, ஆனால் நாளாகும் என்றாள். துருவி மூக்கைத் துடைத்துக்கொண்டு துணி மூட்டையின் மேல் உட்கார்ந்தாள். "கை வெந்தப்போ பக்கத்துல யார் இருந்தாங்க? மொதல்லேருந்து சொல்லுங்க."

திங்கட்கிழமை காலை, எந்தக் கல்லூரி என்று கணவன் கேட்டான்.

"சின்னதுதான். அங்க எனக்கு ஒரு கேஸ் பாக்கி இருக்கு" என்றாள்.