சவரி சார் செய்த எழுத்துக் கோழிகள்

மல்லேஸ்வரம் மார்க்கெட்டில் கொத்தமல்லிக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேரம் பேசிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. சவரி சாரின் மனைவி ரீத்தாதான் பேசினார். "வத்சலா, அவரு போயிட்டாரு. காலைல காபி குடிச்சாரு, நல்லாத்தான் பேசிட்டிருந்தாரு. கொஞ்சம் சாஞ்சுக்கறேன்னு படுத்தாரு. அவ்வளவுதான்." அவர் குரலில் அழுகையைவிட ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது. நான் கொத்தமல்லியைக் கடைக்காரம்மாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

நீலசந்திராவில் அவர்கள் வீட்டுக்குள் நுழைந்தபோது, கூடத்தைக் காலி செய்ய வந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் திணறிக்கொண்டிருந்தார்கள். எது நாற்காலி, எது சிற்பம் என்று அவர்களுக்குப் புரியவில்லை. பழைய பால் கேனையும் கைத்தடிகளையும் சேர்த்து சவரி செய்திருந்த ஆட்டின் மேல், கோயிலிலிருந்து வந்த பாதிரியார் நல்ல ஸ்டூல் என்று நினைத்து உட்கார்ந்துவிட்டார். அவரிடம் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. கடைசியில் ரீத்தாதான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஃபாதர், நீங்க ஆட்டு மேல உக்காந்திருக்கீங்க" என்றார். பாதிரியார் எழுந்து, குனிந்து பார்த்து, ஆட்டின் முதுகைத் தடவிக் கொடுத்தார். துக்க வீடு முழுக்கச் சிரிப்பு பரவிவிட்டது. அதன் பிறகுதான் எங்களால் சரியாக அழவே முடிந்தது.

டிராயிங் ஆபீஸில் எங்களோடு இருந்தவர்களுக்கு சவரிமுத்துவைப் பற்றி நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கண்காட்சிகளில் மட்டும் அவரைப் பார்த்தவர்களுக்காகக் கொஞ்சம் முன்னாலிருந்து சொல்கிறேன்.

நாங்கள் வேலை பார்த்தது நகரத்தின் கிழக்கே இருந்த ஓர் அரசுத் தொழிற்சாலை. இயந்திரங்களின் ஒவ்வொரு பாகத்தையும் அவர் பென்சிலால் வரைவார். நான் அதன் மேல் டிரேசிங் தாளை வைத்து மையில் எடுப்பேன். ஸ்கேல் இல்லாமலே நேர்க்கோடு போடக்கூடிய கை அவருடையது. அந்தக் கைதான் ஒருநாள் கியர் பெட்டியின் படம் ஒன்றில், அச்சுத்தண்டின் மேல் ஓர் எறும்பை வரைந்தது. எறும்பின் நீளம், கால்களின் இடைவெளி எல்லாவற்றுக்கும் முறைப்படி அளவுக்கோடு போட்டிருந்தார். நானும் சிரிக்காமல் அதை மையில் எடுத்துக் கொடுத்தேன். மேனேஜர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

புளூபிரிண்ட் கீழே பட்டறைக்குப் போனது. மறுநாள் டர்னர் ஒருவர் அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தார். "சார், ஈ இருவே யாவ மெட்டீரியல்?" என்று கேட்டார். எறும்பை எந்த உலோகத்தில் செய்வது என்பது அவர் சந்தேகம். எங்கள் மேனேஜர் கண்டிப்பான மனிதர். லென்ஸை எடுத்து நெடுநேரம் பார்த்தார். மெமோ வரப்போகிறது என்றுதான் நான் நினைத்தேன். அவரோ, "சவரி, அளவெல்லாம் கொடுத்திருக்கிறீர்கள். எவ்வளவு கூடலாம், குறையலாம் என்று கொடுக்கவில்லையே" என்று கன்னடத்தில் கேட்டுவிட்டு, பிளேடைக் கொடுத்து டிரேசிங் தாளிலிருந்து எறும்பைச் சுரண்டச் சொன்னார். புளூபிரிண்டை மட்டும் தன் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார். அவர் ஓய்வு பெறும்வரை அது அங்கேயே இருந்தது.

சவரி கலைப்பள்ளி எதிலும் படித்தவரில்லை. தகட்டில் ஊசியால் கீறி, மை தடவி, ஈரத்தாளோடு உருளைகளுக்கு நடுவே அழுத்திப் படம் எடுக்கும் வித்தையை ஒரு சிநேகிதரிடம் பார்த்துத் தெரிந்துகொண்டார். அதற்கான இயந்திரம் வாங்க வசதி இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சிவாஜி நகரில் குஜிரி என்கிற பழைய சாமான் சந்தைக்குப் போய், பழைய இரும்புக் குவியலிலிருந்து கரும்புச்சாறு பிழியும் மெஷின் ஒன்றைக் கொண்டுவந்தார். உருளைகளைக் கடைசலில் வழவழப்பாக்கி, நடுவே இரும்புப் பலகை பொருத்தினார். முதல் படம் எடுத்த அன்று எங்களில் சிலரைக் கூப்பிட்டிருந்தார். முறை வைத்துக் கைப்பிடியைச் சுற்றினோம். ஒற்றை எறும்பின் படம், அருமையாக வந்தது. உலர வைத்துவிட்டுச் சாப்பிட்டு வருவதற்குள் தாள் முழுக்க எறும்பு. எவ்வளவு கழுவியும் உருளையின் ஓரத்தில் கரும்பு மிச்சம் இருந்திருக்கிறது. ரீத்தா தலையில் கைவைத்துக்கொண்டார். சவரி சொன்னார்: "நான் ஒண்ணே ஒண்ணுதான் வரைஞ்சேன். மீதியெல்லாம் ரசிகருங்க."

தட்டையாக்கிய டின், மீன் முள், அறுந்த செருப்பு என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் அந்த மெஷினில் கொடுத்துப் பார்ப்பார். "வரையறது நம்ம வேலை. அச்சுல என்ன வருதுங்கறது அதோட வேலை. அதுல நாம தலையிடக் கூடாது" என்பார்.

1991 டிசம்பரைப் பெங்களூர்த் தமிழர்கள் மறந்திருக்கமாட்டார்கள். காவிரிப் பிரச்சினையில் ஊர் கலங்கிக் கிடந்தது. பஸ்ஸில் தமிழில் பேசாதே என்று எங்கள் வீட்டில் சொல்லி அனுப்பினார்கள். ரீத்தாவின் அண்ணன் குடும்பத்தோடு ஓசூருக்குப் போய்விட்டார். பல கடைக்காரர்கள் தாங்களாகவே தமிழ்ப் பலகைகளைக் கழற்றிவிட்டார்கள். ஊர் அடங்கிய பிறகு, ஒரு தையல் கடையின் பின்புறம் தகர எழுத்துகள் குப்பையாகக் கிடப்பதைச் சவரி பார்த்தார். கடைக்காரரிடம் கேட்டுச் சாக்கில் அள்ளிக்கொண்டு வந்தார். அதோடு விடவில்லை. குஜிரிக்குப் போய், மூடிப்போன ஏதோ ஒரு கடையின் கன்னட எழுத்துகளையும் வாங்கி வந்தார்.

"இப்ப இதெல்லாம் தேவையா? யாராச்சும் பாத்தா என்ன ஆகும்?" என்று ரீத்தா பயந்தார்.

"பாக்கறதுக்குத்தானே செய்யறேன்" என்றார் சவரி.

அந்த எழுத்துகளை வைத்துக் கோழிகள் செய்தார். தமிழ் 'ழ' அடைகாக்கும் கோழியாயிற்று. 'ஞ' குனிந்து கொத்தியது. கன்னட எழுத்துகளுக்குத் தலைக்கட்டு என்று உச்சியில் ஒரு வளைவு உண்டு. அதை அப்படியே சேவற்கொண்டையாக்கினார். சைக்கிள் ஸ்போக்கால் கால்கள் வைத்து, இரண்டையும் கலந்து தரையில் மேயவிட்டார்.

சில மாதங்கள் கழித்து, கன்டோன்மென்ட் பக்கம் ஒரு சின்னக் காட்சிக்கூடத்தில் அவற்றை வைத்தார். இரண்டாம் நாள் மாலை வாட்டசாட்டமான ஒருவர் வந்தார். கோழிகளைச் சுற்றி ஒரு நடை நடந்தார். நானும் ரீத்தாவும் டீ பிளாஸ்க்கோடு வாசலருகே நின்றிருந்தோம். அவர் முகம் இறுகுவதைப் பார்த்ததும் ரீத்தா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நம்ம அக்ஷரான கோளி மாடிதீரா?" என்று அவர் கேட்டார். எங்கள் எழுத்தையா கோழியாக்கியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

சவரி எழுந்து போய்ப் பணிவாகச் சொன்னார்: "ஹௌது சார். நம்தூ கோளினே மாடிதீனி." ஆமாம், எங்களுடையதையும் கோழியாகத்தான் ஆக்கியிருக்கிறேன்.

வந்தவர் உடனே சிரித்துவிடவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு கோழியாகப் படித்தார். பிறகு ஒன்றைச் சுட்டிக்காட்டி, இந்த எழுத்தைத் தலைகீழாக மாட்டியிருக்கிறீர்கள் என்றார். சவரி சட்டைப்பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து நீட்டி, நீங்களே சரிசெய்யுங்கள் என்றார். அந்த மனிதர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு திருகைக் கழற்றினார், எழுத்தைத் திருப்பி மாட்டினார். நிமிர்ந்து நின்ற கோழி இப்போது 'ழ'வின் பக்கமாகக் குனிந்து எதையோ கேட்பதுபோல் ஆகிவிட்டது. முன்பைவிட நன்றாகவே இருந்தது. அவரும் பார்த்தார், சவரியும் பார்த்தார். "இதுக்கு முன்னாடி இது சும்மா நின்னுட்டிருந்தது வத்சலா மேடம்" என்று சவரி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ரீத்தா டீ ஊற்றிக் கொடுத்தார். அதற்கடுத்த வருஷம் அதே மனிதர் தம் சித்தப்பா கடையின் பழைய பலகையை ஸ்கூட்டரில் கட்டி, நீலசந்திராவின் சந்துகளில் விசாரித்து விசாரித்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

2000க்குப் பிறகு சவரி விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டார். இனி முழுநேரமும் இதுதான் என்று குதித்துக்கொண்டிருந்தவருக்கு வலது கை நடுங்க ஆரம்பித்தது. இது குணமாகாது, அதிகமாகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் கரும்பு மெஷின் மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடிவிட்டு, டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டார். ரீத்தா போன் செய்து, "பேசவே மாட்டேங்கறாரு, வந்து பாருங்க" என்றார். நான் போய் என்னென்னவோ பேசினேன். அவர் சொன்னது ஒரே வாக்கியம்தான். "ஒரு கோடு போட முடியாதவன்கிட்ட என்ன மேடம் பேச்சு." அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

சந்தாபுராவில் இருந்த அவர்கள் மகள், தன் குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு என்னையும் அழைத்திருந்தாள். மூவரும் பஸ்ஸில் போனோம். அப்போது ஓசூர் ரோடு முழுக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள். எங்களுக்கு முன் சீட்டில், கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கவிட்ட பெண் ஒருத்தி மடியில் தாளை வைத்து ஏதோ எழுதப் பார்த்தாள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் பேனா ஒரு பக்கம் ஓடியது. சவரி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "மேடம், பேனா இருக்கா?" என்றார்.

அழைப்பிதழ் உறையைத் திருப்பி என் மடியில் வைத்தார். "ஒரு நேர்க்கோடு போடுங்க."

அத்தனை வருஷம் கோடு போட்டே சம்பாதித்தவள் நான். போட்டேன். நண்டு நடந்த தடம்போல் வந்தது. ரீத்தாவைப் போடச் சொன்னார். டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டரிடமும் உறையை நீட்டினார். அவர் எதற்கென்று கேட்காமல் ஒன்று கிழித்துவிட்டுப் போனார். கடைசியாகச் சவரி, நடுங்கும் கையால் தன் கோட்டைப் போட்டார். உறையைத் தூரப் பிடித்துப் பார்த்தார். எது யாருடையதென்று எங்களால் சொல்ல முடியவில்லை.

"ரீத்தா, பாத்தியா? இந்த பஸ்ல எல்லாருக்கும் எனக்கு வந்ததுதான் வந்திருக்குது" என்று சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தார். சந்தாபுரா வரும்வரை சிரிப்பு நிற்கவில்லை. ரீத்தா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த வாரமே போர்வையை எடுத்துவிட்டார். அதன் பிறகு மடியில் துத்தநாகத் தகட்டையும் கையில் ஊசியையும் வைத்துக்கொண்டு, எந்த ரோடு மோசமாக இருக்கிறதோ அந்த வழி போகும் பஸ்ஸாகப் பார்த்து ஏறுவார். பஸ்ஸின் ஆட்டமும் கையின் ஆட்டமும் சேர்ந்து வரைந்த பயணிகளுக்கெல்லாம் இறகு முளைத்ததுபோல் இருக்கும். விஷயம் தெரிந்தவர்கள் அவருடைய வேலைகளிலேயே அதுதான் சிறந்தது என்கிறார்கள். எனக்கு அப்படித் தரம் பிரிக்கத் தெரியாது. "நேர்க்கோடுல போனா ஒருத்தரையும் பாக்க முடியாது மேடம், நேராப் போய்ச் சேந்துடுவோம்" என்று அவர் சொன்னது மட்டும் தெரியும்.

அவருடைய படம் எதுவும் என்னிடம் இல்லை. வேண்டும் வேண்டும் என்று கேட்டவர்களுக்கே போகட்டும் என்று இருந்துவிட்டேன். என்னிடம் இருப்பது எங்கள் வீட்டு கேட்டின் தாழ்ப்பாள். நான் வீடு கட்டியபோது அவர் கொண்டுவந்து மாட்டியது. பழைய கரண்டிகளையும் தேய்ந்த காம்பஸ் கால்களையும் சேர்த்துச் செய்த ஒரு கை. உள்ளே வருகிறவர்கள் அதோடு கைகுலுக்கினால்தான் கேட் திறக்கும். பால்காரர், கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர், ஓட்டுக் கேட்டு வருபவர்கள் எல்லாரும் குலுக்கிவிட்டுத்தான் வருகிறார்கள். புதிதாக வருகிறவர்கள் அனேகமாகச் சிரித்துக்கொண்டே உள்ளே வருவார்கள்.

போன வாரம் ரீத்தா வந்தார். கேட் திறக்கும் சத்தம் கேட்கவில்லையே என்று எட்டிப் பார்த்தேன். அந்தக் கையைப் பிடித்தபடி வெளியே நின்றுகொண்டிருந்தார்.

"திருகு லூசாயிடுச்சு ரீத்தா, ஆடிட்டே இருக்குது. டைட் பண்ணணும்" என்றேன்.

"வேணாம் வத்சலா. ஆடட்டும்" என்றார்.

நான் அதை இறுக்கவில்லை.