இசபெல்லைக் கண்டாலே ஆகாத லிசோய்

பிலிப்பைன்ஸின் துமகேத்தே நகரத்தில் வாடகை டிரைசைக்கிள் ஓட்டுகிறவர்களில் லிசோய்க்கு இருக்கும் வாய் வேறு யாருக்கும் கிடையாது. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஃபெலிசா கலும்பாங். கிராப்புத் தலை, மேல் பட்டன் போடாத சட்டை, ஐம்பதை நெருங்கும் வயது. சந்தையில் இஞ்சி போட்ட ஒட்டரிசிச் சோறும் சூடான கெட்டிச் சாக்லேட் பானமும் விற்கிற பிசிங் என்பவளோடு பல வருஷமாக ஒரே வீட்டில் குடித்தனம். புத்தகம் என்று அவள் கையால் தொட்டது, லைசென்ஸுக்காகப் படித்த சாலை விதிகள் மட்டும்தான்.

ஒரு மழைநாளில் கல்லூரிப் பெண் ஒருத்தி வண்டியில் ஒரு நாவலை மறந்துவிட்டு இறங்கிப் போனாள். அட்டையில் இரண்டு பெண்கள் கைகோத்து நின்றார்கள். லிசோய் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு முதல் பக்கத்தைப் புரட்டினாள். அன்று மதியம் சவாரி கேட்டு வந்த இரண்டு பேரை, வண்டி ரிப்பேர் என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

கதை இதுதான். பள்ளிக்கூட வாலிபால் அணியின் கேப்டன் இசபெல். அவளை உயிராக நினைக்கிறவள், ரொட்டிக்கடைக்காரர் மகள் தாலா. தாலா எழுதிக் கொடுத்த கணக்கை இசபெல் தன்னுடையது என்று வாத்தியாரிடம் காட்டுவாள். தாலா கொண்டுவந்த ரொட்டியைத் தின்றுகொண்டே உப்பு ஜாஸ்தி என்பாள்.

"அடிப்பாவி!" என்று லிசோய் ஸ்டாண்டில் கத்தினாள். பக்கத்து வண்டி தெபான் கிழவர் தூக்கிவாரிப்போட்டு எழுந்தார்.

"யாருடி உன்னை என்ன பண்ணினா?"

"என்னை இல்லண்ணே, தாலாவை. இந்தத் திமிர் பிடிச்சவ பார்ட்டில எல்லார் முன்னாடியும் 'இவ யாருன்னே தெரியாது'ங்கறா."

"அந்தப் பொண்ணை வேற நல்ல இடமாப் பாத்துக்கச் சொல்லு."

"அதைத்தான் நானும் பக்கத்துக்குப் பக்கம் சொல்றேன். கேட்டாத்தானே!"

அதிலிருந்து ஸ்டாண்டுக்கே தினமும் காலையில் கதை நடந்தது. இசபெல் செய்த அக்கிரமத்தைக் கேட்காமல் எந்த டிரைவரும் வண்டியைக் கிளப்பவில்லை.

அந்த வாரமே புத்தகத்துக்குச் சொந்தக்காரி தேடிக்கொண்டு வந்துவிட்டாள். பெயர் ஜொவெல்.

"அக்கா, என் புத்தகம் உங்க வண்டியில..."

"இருக்கு. பாதிதான் முடிஞ்சிருக்கு. போய்ட்டு அப்புறம் வா, இண்டாய்." சின்னப் பெண்களை அந்த ஊரில் அப்படித்தான் செல்லமாகக் கூப்பிடுவார்கள்.

"அக்கா, அது என்னுது!"

"உன்னுதுதான், யார் இல்லேன்னா? முடிக்கற வரைக்கும் உன்னைக் காலேஜ்ல கொண்டுபோய் விடறேன். வாடகை வேண்டாம். முடிவை மட்டும் சொல்லிடாதே."

ஜொவெல்லுக்குச் சிரிப்பு வந்தது. "இசபெல்லை அவ்வளவு திட்டறீங்களாமே. பிடிக்கலேன்னா விட்டுட வேண்டியதுதானே?"

"பிடிக்கலேன்னு யார் சொன்னா? அவளைத்தான் பிடிக்கல. கதை தேனா இருக்கு. அவளை நாலு அறை விட்டா இன்னும் நல்லா இருக்கும்."

சண்டை வீட்டில்தான் மூண்டது. லிசோய் குளிக்கப் போகும் நேரமெல்லாம் பிசிங்கும் அதே புத்தகத்தைத் திருட்டுத்தனமாகப் படித்துக்கொண்டிருந்தாள். இது லிசோய்க்குத் தெரியாது. ஒரு ராச்சாப்பாட்டின்போது, கப்பல்துறையில் தாலா டிக்கெட்டோடு மழையில் நின்றதையும், இசபெல் வராமல் முடி வெட்டிக்கொள்ளப் போனதையும் சொல்லி லிசோய் பொரிந்து தள்ளினாள். பிசிங் மீன் முள்ளை எடுத்தபடியே சொன்னாள்:

"பாதி வெட்டின தலையோட எப்படி வருவா?"

லிசோய் வாயில் வைத்த சோறு அப்படியே நின்றது. "நீ படிச்சியா?"

"படிச்சேன். அந்தப் பொண்ணு மேல தப்பே இல்ல. அவளுக்குப் பயம். வீட்ல தெரிஞ்சா என்ன ஆகும்னு பயம். உன் தாலாதான் நச்சு. எப்பப் பாரு மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கிட்டு."

"பயமாம்! பயந்தா ஆளையே தெரியாதுன்னு சொல்லுவாளா?"

"சொல்லுவா. அதுக்கென்ன இப்போ?"

"அதானே, உனக்கு அது தப்பாத் தெரியுமா?" லிசோய் தட்டைத் தள்ளினாள். "மலைமேல வலென்சியாவுல உன் அம்மாகிட்ட நான் யாருன்னு சொன்னே? 'அரிசி மூட்டை கொண்டுவர்ற ஆளு'. இன்னி வரைக்கும் அங்க போனா நான் மூட்டை தூக்கற ஆளுதான்."

இத்தனை வருஷத்தில் இதை அவள் ஒருமுறைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. பிசிங் எழுந்து மிச்ச மீனைப் பூனைக்குப் போட்டாள். லிசோய்க்கென்று எடுத்து வைத்திருந்த நடுத்துண்டும் அதோடு போயிற்று.

இரண்டு பேரும் பேசாமலே அந்த வாரம் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பிசிங் தானாக வந்து வண்டியில் ஏறினாள்.

"வலென்சியாவுக்கு விடு."

"மூட்டை எங்க?"

"மூட்டை இல்ல. வாயை மூடிட்டு ஓட்டு."

வண்டி மலையேறி வலென்சியா வீட்டு முன்னால் நின்றது. பிசிங்கின் அம்மா வாசலில் சேவலுக்குச் சோளம் போட்டுக்கொண்டிருந்தாள். பிசிங் இறங்கி, சண்டைக்கு வந்தவள் மாதிரி இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"அம்மா, இவ அரிசி மூட்டை ஆள் இல்ல. என் வீட்டுக்காரி. நானும் இவளும் ஒண்ணாத்தான் குடும்பம் நடத்தறோம். சொல்லணும்னு தோணிச்சு, சொல்லிட்டேன். அவ்வளவுதான்."

அம்மா மிச்ச சோளத்தையும் வீசிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டாள்.

"இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தே? மூட்டை போடற ஆளு எவன்டி எனக்குக் கால் பிடிச்சு விட்டு, பாத்திரமும் தேய்ச்சுட்டுப் போவான்? நீயே சொல்லட்டும்னு பாத்துக்கிட்டு இருந்தேன். உள்ள வாங்க, கோழி வெந்துக்கிட்டு இருக்கு." பிறகு லிசோய் பக்கம் திரும்பினாள். "நீயும்தான். எப்படி இவகூட இத்தனை வருஷம் குப்பை கொட்டினே? சின்னதுலேர்ந்தே இவ ஒரு தடவைகூட யார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டதில்ல."

"கேக்க மாட்டா, அம்மா," என்றாள் லிசோய். "இன்னும் கேக்கல."

"கோழி ஆறிடும், வாங்க," என்று சொல்லிவிட்டுப் பிசிங் முதல் ஆளாக உள்ளே போய்விட்டாள்.

அன்று மாலை திரும்பியதும் லிசோய் வாசலில் உட்கார்ந்து நாவலை முடித்தாள். கடைசி வரைக்கும் இசபெல் திருந்தவில்லை. மன்னிப்புக் கேட்கிறேன் என்று வந்தவள் பாதியில் தாலாவின் செருப்பைக் குறை சொன்னாள். தாலா சிரித்துவிட்டு அவளுக்கு முத்தம் கொடுத்தாள். லிசோய் புத்தகத்தைத் தொப்பென்று தரையில் போட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அதை எடுத்துத் துடைத்து, சட்டை நுனியால் கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் கல்லூரி வாசலில் புத்தகத்தை ஜொவெல்லிடம் நீட்டினாள்.

"அந்த இசபெல் மாதிரி ஒரு ராட்சசியை நான் பாத்ததே இல்ல."

"அப்போ ரெண்டாம் பாகம் வேண்டாமா, அக்கா? இப்பத்தான் வந்திருக்கு. இதுல இன்னும் மோசமாம்."

லிசோய் வண்டி எஞ்சினை அணைத்தாள்.

"இன்னும் மோசமா? எங்க, காட்டு பாப்போம்."